நிற்கும் அலையில் ஆற்றல் எங்கே?



"மீட்டர் நல்லாத்தானே காட்டுது. பின்ன ஏன் கரையில கேக்கல?"

சென்ற ஆண்டு என் சித்தப்பா கேட்ட கேள்வி இது. இதற்கு விடை தேடப்போய், எங்கள் வகுப்புப் பாடத்தில் இல்லாத ஒரு பகுதியை நான் படிக்க வேண்டியதாயிற்று. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. பெற்றோர்களும் படித்தால் மகிழ்வேன். படகு வைத்திருப்போர் வீட்டுப் பிள்ளைகள் நம் பள்ளியில் பலர் உண்டல்லவா?

எங்கள் ஊர் கிளிஞ்சல்மேடு. காரைக்கால் கடற்கரையில் உள்ள மீனவர் ஊர். 'அலை' என்ற சொல்லை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் விளையாட்டாகச் சொல்வதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த சுனாமியில் காரைக்கால் பகுதியில் பெரிதும் பாதிக்கப்பட்ட ஊர்களுள் எங்கள் ஊரும் ஒன்று. நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது என்றாலும், அதைக் கேளாமல் நாங்கள் யாரும் வளரவில்லை. சுமத்ரா அருகே கடலடியில் பிறந்த ஆற்றல் வங்கக் கடலைக் கடந்து இங்கு வந்து சேர்ந்தது. வந்தது சுமத்ராவின் தண்ணீர் அன்று, ஆற்றல்தான் வந்தது. ஓடும் அலையின் இயல்பு அதுவே. ஓரிடத்து ஆற்றலைக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் இறக்கிவிடும்.

நான் எழுதப்போவது வேறொரு வகை அலையைப் பற்றி. அது ஓடாது. நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஆடும். அதற்கு 'நிலை அலை' என்று பெயர்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதத்தில் ஓர் இரவு, சித்தப்பா சென்ற விசைப்படகின் எஞ்சின் நின்றுவிட்டது. கரையிலிருந்து ஏறக்குறைய 18 கடல் மைல் தொலைவு. நங்கூரம் பாய்ச்சிவிட்டு வயர்லெஸ் செட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள். பதில் இல்லை. விடியும்வரை கூப்பிட்டார்கள். காலையில் அவ்வழியே வந்த வேறொரு படகுக்காரர், இவர்கள் வேட்டியை அவிழ்த்து வீசியதைக் கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்தார். அன்றிரவு சித்தி கரையிலேயே உட்கார்ந்திருந்தார். காற்று அடிக்காத இரவாக இருந்ததால் போயிற்று. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலின்போது குமரி மாவட்டத்துப் படகுகள் பல, கரையின் எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்தன என்பதும், அதனால் நேர்ந்த உயிரிழப்பும் நாம் அறிந்தவையே.

செட்டைப் பழுது பார்ப்பவரிடம் காட்டினார்கள். அவர் கேபிளின் அடிமுனையில் ஒரு மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "நிலை அலை விகிதம் 1.1. இதைவிட நன்றாக இருக்க முடியாது. செட்டும் நன்றாக இருக்கிறது, ஏரியலும் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். சித்தப்பாவின் கேள்வி அப்போது பிறந்ததுதான்.

நிலை அலையைக் காண ஒரு மீன்வலைக் கயிறு போதும். ஒரு முனையைத் தென்னை மரத்தில் கட்டுங்கள். மறு முனையைப் பிடித்து ஒரே ஒரு முறை உதறுங்கள். ஒரு மேடு ஓடிப்போய் மரத்தில் மோதி, தலைகீழான பள்ளமாகத் திரும்பி வரும். இப்போது விடாமல் ஒரே சீராக ஆட்டுங்கள். போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆட்டும் வேகம் சரியாக அமைந்தால், ஓடுவது நின்றுபோய், கயிறு இரண்டு மூன்று வயிறுகளாகப் பிரிந்து ஆடும். அசையாத இடங்களைக் கணு என்றும், மிக அதிகமாக ஆடும் இடங்களை எதிர்க்கணு என்றும் சொல்வர். அடுத்தடுத்த இரண்டு கணுக்களின் இடைவெளி அரை அலைநீளம்.

இந்த ஆட்டத்தில் ஆற்றல் எங்கே இருக்கிறது? கயிறு ஒரு கணம் நேர்கோடாக நிற்கும். அக்கணத்தில் அதன் ஆற்றல் முழுவதும் வேகமாக, எதிர்க்கணுவின் பக்கத்தில் இருக்கிறது. அடுத்து கயிறு முழுதும் விரிந்து ஒரு கணம் ஓயும். அப்போது வேகமே கிடையாது. ஆற்றல் முழுவதும் கயிற்றின் இழுப்பாக மாறி, கயிறு மிகச் சாய்ந்திருக்கும் இடமாகிய கணுவின் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. மீண்டும் எதிர்க்கணுவுக்கு, மீண்டும் கணுவுக்கு. கால் அலைநீளத்துக்குள்ளேயே ஊஞ்சலாடுகிறது. கணுவைத் தாண்டி அடுத்த வயிற்றுக்கு அது போவதில்லை. கணு அசையாத புள்ளி. அசையாத புள்ளி பக்கத்திலிருப்பதை எப்படித் தள்ளும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். தொடக்கத்தில் கை நன்றாக உழைக்க வேண்டும். ஆட்டம் நிலைத்த பிறகு விரலை இலேசாக அசைத்தாலே போதும். காற்றும் கயிற்றின் உராய்வும் தின்னும் ஆற்றலை மட்டும் கை ஈடு செய்கிறது. (இதை நாங்கள் நால்வர் கடற்கரையில் செய்து பார்த்தோம். கயிறு அறுந்து என் கன்னத்தில் அடித்தது தனிக் கதை!)

வீணைத் தந்தியில் இருப்பதும் இத்தகைய நிலை அலைதான். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1930இல் நோபெல் பரிசு பெறுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, கல்கத்தாவில் வீணையையும் மிருதங்கத்தையும் ஆராய்ந்தார். தந்தியை மீட்டும் இடத்தில் எந்த மேற்சுரத்துக்குக் கணு அமைகிறதோ அந்த மேற்சுரம் ஒலிக்கக்கூடாது என்பது பழைய விதி. வீணையின் வளைந்த குதிரை அந்த விதியை மீறுகிறது என்று 1921இல் அவர் எழுதினார். வீணை வகுப்புத் தோழியர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மின்காந்த அலைகளுக்கும் கணுக்கள் உண்டு என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் 1888ஆம் ஆண்டை ஒட்டிக் கண்டறிந்தார். தம் ஆய்வுக்கூடச் சுவரில் துத்தநாகத் தகட்டைப் பொருத்தி, அதில் மோதித் திரும்பும் அலையால் நிலை அலையை உண்டாக்கினார். கணுவுக்குக் கணு உள்ள தூரத்தை அளந்து அலைநீளத்தைக் கணக்கிட்டார். வானொலி பிறந்ததே ஒரு நிலை அலையிலிருந்துதான் என்று எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

இனிப் படகுக்கு வருவோம். செட்டுக்கும் பாய்மரக் கம்பத்தின் உச்சியிலுள்ள ஏரியலுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கேபிள் போகிறது. நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றிப் பாலித்தீன், அதைச் சுற்றிச் செம்பு வலை, வெளியே கறுப்பு உறை. டி.வி. கேபிளைப் போன்றதே, சற்றுப் பருமன். கடலில் அபாய அழைப்புக்கு உலகம் முழுவதும் வைத்திருப்பது சேனல் 16. அதன் அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 15 கோடியே 68 இலட்சம் அதிர்வுகள். காற்றில் இதன் அலைநீளம் 1 மீட்டர் 91 சென்டிமீட்டர். கேபிளின் பாலித்தீனுக்குள் அலை மெதுவாகச் செல்வதால், அங்கே ஏறக்குறைய 1 மீட்டர் 28 சென்டிமீட்டர். மெதுவாக என்றால் விநாடிக்கு இரண்டு இலட்சம் கிலோமீட்டர்! கால் அலைநீளம் 32 சென்டிமீட்டர், நம் அடிக்கோலைவிடச் சற்று நீளம்.

சித்தப்பா படகின் செட் 25 வாட் திறனுடையது. கேபிள் 50 ஓம் வகை. ஏரியலும் 50 ஓம் போலவே நடந்துகொண்டால், மேலே போன அலையை அது முழுவதும் வாங்கி வெளியில் வீசிவிடும். அப்போது கேபிளில் எங்கு அளந்தாலும் மின்னழுத்தத்தின் உச்சம் 50 வோல்ட், மின்னோட்டத்தின் உச்சம் 1 ஆம்பியர். இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கினால் 25 வாட் கிடைக்கும்.

ஏரியல் முறிந்து விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கேபிளின் மேல்முனை வெறுமனே நிற்கிறது. போன அலை முழுவதும் திரும்பும். இரண்டும் சேர்ந்து நிலை அலையாகும். எதிர்க்கணுவில் மின்னழுத்தம் 100 வோல்ட் வரை ஏறும். அங்கிருந்து 32 சென்டிமீட்டர் தள்ளி மின்னழுத்தம் எப்போதுமே பூஜ்யம்; ஆனால் அங்கே மின்னோட்டம் 2 ஆம்பியர் வரை ஏறும். அதாவது, மின்னழுத்தம் உச்சமாக ஆடும் இடத்தில் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் உச்சமாக ஆடும் இடத்தில் மின்னழுத்தம் இல்லை. 100ஐ 0ஆல் பெருக்கினாலும் 0, 0வை 2ஆல் பெருக்கினாலும் 0. இந்த இடங்களின் வழியே ஆற்றல் ஒரு பக்கமும் கடக்க முடியாது.

ஆகவே கேபிள் 32 சென்டிமீட்டர் நீளமுள்ள பல அறைகளாகத் தடுக்கப்பட்டதுபோல் ஆகிவிடுகிறது. ஒவ்வோர் அறையிலும் சிக்கிய ஆற்றல், ஒரு கணம் மின்புலமாக அறையின் ஒரு கோடியில் நிற்கும். மறுகணம் காந்தப்புலமாக மறு கோடிக்குப் போகும். கயிற்றில் இழுப்பும் வேகமும் மாறி மாறி வந்ததுபோலவே இது. ஒரு விநாடியில் 31 கோடிக்கும் அதிகமான தடவை அது மின்புலமாகித் திரும்புகிறது. அறையை விட்டு மட்டும் வெளியேறுவதில்லை. எனக்கு இதைப் படித்தபோது, மழை நாளில் வகுப்பறைக்குள்ளேயே ஓடிப்பிடித்து விளையாடும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

அந்த ஆற்றல் எவ்வளவு? சித்தப்பாவின் கேபிள் 12 மீட்டர் 80 சென்டிமீட்டர். மீதத்தைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். சரியாக 40 அறைகள். அலை மேலே போக 64 நானோ விநாடி, திரும்ப 64, ஆக 128 நானோ விநாடி. செட்டை இயக்கிய முதல் 128 நானோ விநாடியில், திரும்பி வருவது ஒன்றுமில்லை. செட் 25 வாட் வீதம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. 25ஐ 128 நானோ விநாடியால் பெருக்கினால் 3.2 மைக்ரோ ஜூல். 40 அறைகளிலும் நிரம்பி நிற்பது இவ்வளவுதான். 2.5 மில்லிகிராம் எடையுள்ள ஒரு கொசுவை 13 சென்டிமீட்டர் தூக்குவதற்குச் சரியாக இருக்கும்! அறைகள் நிரம்பிய பின்பு, கேபிளில் எந்த இழப்பும் இல்லை என்றால், செட்டிலிருந்து சராசரியாக ஒன்றுமே உள்ளே போவதில்லை. 25 வாட் போகிறது, 25 வாட் வருகிறது என்று ஏட்டில் எழுதலாம், கொடுத்தது பூஜ்யம்.

பலரும் தடுமாறுவது இங்கேதான். திரும்பி வந்த ஆற்றல் எல்லாம் வீணாய்ப் போயிற்று என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏரியல் சற்றுப் பொருந்தாமல், போனதில் கால் பங்கைத் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கேபிளில் சில இடங்களில் 75 வோல்ட்டும் அரை ஆம்பியரும் இருக்கும். வேறு சில இடங்களில் 25 வோல்ட்டும் ஒன்றரை ஆம்பியரும் இருக்கும். பெருக்கிப் பாதியாக்கிப் பாருங்கள். இரண்டிலும் 18.75 வாட்! கேபிளின் எல்லா இடத்திலும் அதே திறன்தான் மேல்நோக்கிச் செல்கிறது. செட் கொடுத்ததும் 18.75, ஏரியல் வீசியதும் 18.75. திரும்பிய 6.25 வாட் எங்கும் எரிந்துபோகவில்லை. அது முதலிலிருந்தே கொடுக்கப்படவில்லை. 75ஐ 25ஆல் வகுத்தால் வருகிற 3 என்பதே நிலை அலை விகிதம். ஏற்ற இறக்கமே இல்லையென்றால் விகிதம் 1.

அதிகமான மின்னழுத்தம் செட்டின் டிரான்சிஸ்டர்களுக்குக் கெடுதல் என்பது உண்மை. ஆகையால் இக்காலத்துச் செட்டுகள் பல தாமாகவே திறனைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் நிலை அலை ஆற்றலைத் திருடுவதில்லை. நல்ல கேபிளில் அது ஆற்றலைப் பூட்டி வைக்கிறது, அவ்வளவே. ஆற்றலைத் தின்பது கம்பியின் மின்தடையும், பாலித்தீனில் ஏற்படும் கசிவும்.

இதை நான் விளங்கிக்கொண்டது தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் எங்கள் பக்கத்து விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. வலை பின்னுவதும் படகுக்கு வண்ணம் தீட்டுவதும் அப்போதுதான். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் பெரியப்பா மகன் விடுமுறைக்கு வந்திருந்தார். சித்தப்பாவின் கேள்வியைக் கேட்டுவிட்டு, "கம்பத்தில ஏறி ஏரியலையே கழற்றிடலாம் சித்தப்பா" என்றார். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இருக்கிறதையும் கழற்றினால் என்ன மிஞ்சும் என்றார்.

அண்ணன் கழற்றியே விட்டார். செட்டை மிகக் குறைந்த திறனான 1 வாட்டில் வைத்து, அபாயச் சேனலான 16ஐ விட்டு வேறு சேனலுக்கு மாற்றி, ஒரு நொடி மட்டும் அழுத்தினார். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரியலே இல்லை, போனது முழுவதும் திரும்ப வேண்டும், ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டி ஓடியிருக்க வேண்டும். ஊசி காட்டியது 1.2!

திரும்பி வரவேண்டிய ஆற்றல் எங்கே? "வழியிலேயே தின்னுடுச்சு" என்றார் அண்ணன். மாலையில் நாங்கள் இருவரும் மணலில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கேபிள் பத்தில் ஒரு பங்கை மட்டுமே மேலே விடுகிறது என்று கொள்வோம். 25 வாட் புறப்பட்டால் உச்சிக்குச் சேர்வது 2.5 வாட். அது முழுதும் திரும்பினாலும் கீழே வந்து சேர்வதற்குள் அதிலும் பத்தில் ஒன்றுதான் மிஞ்சும்: 0.25 வாட். போனது 25, வந்தது கால். நூற்றில் ஒரு பங்கு. அதற்குரிய விகிதத்தைக் கணக்கிட்டால் 1.2 வருகிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது இருக்கும் இடத்தில் திரும்பும் அலை குறைவு என்று மட்டுமே அதற்குச் சொல்லத் தெரியும். ஏன் குறைவு என்று அதற்குத் தெரியாது. ஏரியல் வாங்கிக்கொண்டதாலும் குறையலாம்; வழியில் தொலைந்ததாலும் குறையலாம்.

கடலில் கேட்காமல் போனதற்கும் இக்கணக்கு விடை சொல்கிறது. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவைத் தாண்டி வெகுதூரம் போகமாட்டா. படகின் ஏரியல் 9 மீட்டர் உயரம், கரையின் ஏரியல் 36 மீட்டர் உயரம் என்று கொண்டால், எட்டக்கூடிய எல்லை சுமார் 37 கிலோமீட்டர், அதாவது 20 கடல் மைல். சித்தப்பா இருந்தது 18இல், எல்லையின் விளிம்பில். அங்கே 25 வாட்டே மெலிந்துதான் கேட்கும். 2.5 வாட் எங்கே கேட்கும்? கரை கூப்பிட்டிருந்தாலும் அந்தக் குரலிலும் பத்தில் ஒன்றுதான் கீழே இறங்கியிருக்கும். போகும் வழியும் வரும் வழியும் ஒரே கேபிள்தானே! துறைமுகத்துக்குள் நின்று பேசிப் பார்த்தபோதெல்லாம் தெளிவாகக் கேட்டதால், யாருக்கும் ஐயம் வரவில்லை.

மறுநாள் கேபிளை இறக்கி, அண்ணன் பிளேடால் கீறினார். ஏரியலோடு சேரும் இணைப்பில் சுற்றியிருந்த ரப்பர் நாடா வெயிலில் வெடித்திருந்தது. அதன் வழியாக உப்புத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், செம்பு வலைக்குள்ளேயே அடிவரை இறங்கிவிட்டது. பளபளவென்று இருக்கவேண்டிய வலை, மூன்று மீட்டர் தூரத்துக்குப் பச்சைப் பொடியாக உதிர்ந்தது. அதற்கப்பால் கறுத்துப் போயிருந்தது. வெளி உறை மட்டும் புதிதுபோல் இருந்தது. ஒரு முழம் துண்டை நான் பள்ளி அறிவியல் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். சிஸ்டர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் கிளிஞ்சல்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பார்க்க விரும்புவோர் பார்க்கலாம்.

புதுக் கேபிள் வாங்கினார்கள். இணைப்பை இரண்டு அடுக்கு நாடாவால் சுற்றினார்கள். ஏரியலை மாட்டுவதற்கு முன், அண்ணன் மீண்டும் 1 வாட்டில் ஒரு நொடி அழுத்தினார். ஊசி சிவப்புக் கோட்டுக்கு அப்பால் பாய்ந்தது. "புதுசும் கெட்டுப் போச்சா?" என்று சித்தப்பா பதறினார். இல்லை சித்தப்பா, இப்போதுதான் சரியாக இருக்கிறது என்று நான் சொன்னேன். போன அலை வழியில் தேயாமல் திரும்பி வருகிறது. ஏரியலை மாட்டியவுடன் ஊசி 1.3க்கு இறங்கியது. பழைய 1.1ஐவிட இது மோசமான எண்தானே என்று அப்பா கேட்டார். எண்ணில் மோசம், ஆற்றலில் பல மடங்கு மேல் என்று நானும் அண்ணனும் ஒரே குரலில் சொன்னோம். அப்பா முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

ஜூன் 15ஆம் நாள் படகுகள் கடலுக்குப் போயின. அன்றிரவு பக்கத்து வீட்டில் வைத்திருந்த கரைச் செட்டின் முன்னால் சித்தி உட்கார்ந்திருந்தார். ஒன்பது மணிக்குமேல் கரகரவென்று ஓர் ஒலி வந்தது. பிறகு 18 மைலுக்கு அப்பாலிருந்து சித்தப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பாப்பா முழிச்சிருக்கா? மீட்டர் 1.3 தான் காட்டுதுன்னு சொல்லு."

பத்தாம் வகுப்பு மாணவி,
கிளிஞ்சல்மேடு